பல் அடைப்பின் வலிமையை எப்படி அளக்கிறார்கள்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பல் மருத்துவத்தில் பயன்படும் பொருள்கள் எவ்வாறு பரிசோதிக்கப்படுகின்றன என்று கேட்டு இம்மாதம் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சிகிச்சை ஆலோசனை கேட்டவர்கள் தத்தம் பல் மருத்துவரை நேரில் பார்ப்பதே முறை. பொருளின் இயல்பு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

“என் கடைவாய்ப் பல்லில் வைக்கப்போகும் பல் நிற அடைப்புப் பொருளின் விளம்பரத் தாளில் ‘வளைவு வலிமை 130 மெகாபாஸ்கல்’ என்று போட்டிருந்தது. இது நாம் கடிக்கும் விசையைத் தாங்குமா? அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?” – ஒரு வாசகர், ஈரோடு

ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பின்மேல் ஒரு நியூட்டன் விசை விழுந்தால், அங்கே உண்டாகும் தகைவு ஒரு மெகாபாஸ்கல். ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் கடைவாய்ப் பற்களால் முழு பலத்துடன் கடித்தால் சுமார் 500 முதல் 700 நியூட்டன் வரை விசை கிடைக்கும். அதாவது ஐம்பது முதல் எழுபது கிலோ எடைக்குச் சமம். அன்றாடம் மெல்லும்போது இதில் ஒரு பகுதிதான் செலவாகிறது. ஆனால் அந்த விசை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதுதான் முக்கியம். சோற்றோடு சேர்த்து மெல்லும்போது பரவலாக விழும் விசை, சோற்றில் கிடந்த ஒரு சிறு கல்லின் முனையில் குவிந்துவிட்டால் தகைவு பல மடங்காகிவிடும். ஆகவே தாடையின் விசையையும் தாளில் உள்ள எண்ணையும் நேராக ஒப்பிட முடியாது.

அந்த எண் பிறக்கும் விதத்தைச் சொல்கிறேன். பல் நிற அடைப்பான காம்போசிட்டுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் வரையறை, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 4049. அதன்படி 25 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு கட்டையை எஃகு அச்சில் வார்க்க வேண்டும். தீக்குச்சியின் தடிமன்தான் இருக்கும். காம்போசிட்டைக் கெட்டியாக்கும் நீல ஒளி விளக்கின் முனை இந்தக் கட்டையின் நீளத்தைவிடச் சிறியது என்பதால், நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கி, முந்தைய ஒளிவட்டத்தின் மேல் அடுத்தது சற்றே படியுமாறு நகர்த்தி, இரு பக்கமும் ஒளி காட்ட வேண்டும். பிறகு 37 டிகிரி செல்சியஸ் நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, 20 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளின் மேல் கிடத்தி, நடுவில் மெதுவாக அழுத்தி ஒடிக்கிறார்கள். அழுத்தும் தலை நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காத வேகம் அது.

இந்த அளவுள்ள கட்டையில், ஒடிந்தபோது இருந்த விசையை நியூட்டனில் எடுத்து 3.75 ஆல் பெருக்கினால் மெகாபாஸ்கல் வந்துவிடும். மெல்லும் பரப்பில் வைக்கும் காம்போசிட்டுக்கு வரையறை கேட்கும் குறைந்தபட்ச வலிமை 80 மெகாபாஸ்கல். கட்டை ஒடிவதற்குத் தேவையான விசையாக அதைக் கணக்கிட்டால் சுமார் 21 நியூட்டன், அதாவது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். உங்கள் தாளில் உள்ள 130 மெகாபாஸ்கலுக்கு மூன்றரை கிலோ. எண்ணைப் பார்த்து மலைத்தவர்கள் இந்தக் கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தால், அதை விரல்களாலேயே ஒடித்துவிடலாம் என்பது உடனே தெரியும்.

அழுத்தி நசுக்குவதை விட்டு ஏன் வளைக்கிறார்கள் என்றால், நொறுங்கும் தன்மையுள்ள பொருள்கள் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்; இழுவிசையைத்தான் தாங்காது. கட்டையை வளைக்கும்போது மேற்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. விரிசல் எப்போதும் அந்த இழுபடும் பக்கத்தில்தான், அங்கே இருக்கும் ஏதோ ஒரு காற்றுக் குமிழியிலோ கீறலிலோ, தொடங்குகிறது. வாயில் அடைப்பு உடைவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணக்கில் தடிமன் இருமடிப் பெருக்கமாக வருகிறது. உண்மையில் 1.9 மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டையை அளக்காமல் 2 மில்லிமீட்டர் என்றே எடுத்துக்கொண்டால், வலிமை ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவாக வந்துவிடும். ஓரங்களில் வழிந்த பிசிறைத் தேய்த்து எடுக்காமல் விட்டாலும் கணக்கு மாறும். நீரில் ஊறவைக்காமல் சோதித்தாலும், ஒரு நாளுக்குப் பதிலாகப் பல மாதங்கள் ஊறவைத்துச் சோதித்தாலும் வேறு எண்கள் வரும். நீண்ட காலம் நீரில் கிடந்த கட்டைகளின் வலிமை பெரும்பாலும் குறைந்தே காணப்படுகிறது. ஆகவே விளம்பரத் தாளில் எண் மட்டும் இருந்து, எந்த வரையறைப்படி, எத்தனை மணி நேரம் நீரில் வைத்து, எத்தனை கட்டைகளைச் சோதித்தார்கள் என்ற விவரம் இல்லையானால், அந்த எண்ணைக் கொண்டு இரண்டு பொருள்களை ஒப்பிடாதீர்கள்.

“இந்த வரையறைகளையெல்லாம் முதன்முதலில் யார் வகுத்தார்கள்? நம் நாட்டில் அவற்றுக்குச் சட்ட வலு உண்டா?” – ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

தொடக்கம் அமெரிக்க ராணுவத்திலிருந்து வந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வெள்ளி, தகரம், செம்பு ஆகியவற்றின் தூளைப் பாதரசத்தோடு குழைத்து வைக்கும் அமால்கம் அடைப்பை ஜி. வி. பிளாக் என்ற சிகாகோ பல் மருத்துவர் 1890களிலேயே முறையாக அளந்து ஆராய்ந்திருந்தார். ஆனாலும் கடையில் வாங்கும் தூள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒன்று விரியும், இன்னொன்று சுருங்கும். 1919இல் அமெரிக்க ராணுவம், அரசுப் பணிக்கு வாங்கும் அமால்கத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தேசியத் தர நிர்ணய நிறுவனத்திடம் கேட்டது. அங்கே வில்மர் சௌடர் தலைமையில் ஆய்வு நடந்து, மறு ஆண்டே அறிக்கை வெளியாயிற்று. 1928இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இந்த ஆய்வைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1930இல் அமால்கத்துக்கான முதல் வரையறை வந்தது. வாங்குபவர் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்த அறிவியல் இது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அதே நிறுவனத்தில்தான் 1939இல், கூர்முனையைப் பொருளில் அழுத்தி, பதியும் தடத்தை அளக்கும் நூப் கடினத்தன்மைச் சோதனை உருவாயிற்று; இன்றைய காம்போசிட்டுகள் பலவற்றுக்கு அடிப்படையான பிசினுக்கு 1962இல் காப்புரிமை பெற்ற ரஃபேல் போவனும் அங்கேதான் ஆய்வு செய்தார். இன்று இந்தப் பணியை ஐ.எஸ்.ஓ. அமைப்பின் பல் மருத்துவக் குழு செய்துவருகிறது.

இந்தியாவில் பல் அடைப்புப் பொருள்கள், உறைகள், செயற்கைப் பல் வேர்கள் போன்றவை மருத்துவக் கருவிகள் என்ற வகையில் அடங்கி, 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளுக்கு உட்பட்டவை. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் பல் மருத்துவப் பொருள்கள் பலவற்றுக்குத் தரங்களை வெளியிட்டிருக்கிறது.

“என் மகளுக்குப் பல் அடைத்தபோது மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு முறையும் நீல விளக்கைக் காட்டினார். ஒரே தடவையில் நிரப்பி விளக்கைக் காட்டினால் என்ன?” – ஒரு வாசகி, திருநெல்வேலி

ஒளி எவ்வளவு ஆழம் போய்ச் சேரும் என்பதுதான் இங்கே சிக்கல். காம்போசிட்டில் காம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள் சிறிதளவு கலந்திருக்கும். நீல ஒளியை, குறிப்பாக 468 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தை, அது உறிஞ்சிக்கொண்டு பிசினைக் கெட்டியாக்கும் வினையைத் தொடங்கிவைக்கிறது. உள்ளே போகப் போக, நிரப்பியாகச் சேர்த்திருக்கும் கண்ணாடித் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. மேலே கல் போல இருந்தாலும் அடியில் பாதி வெந்த நிலையிலேயே நின்றுவிடலாம்.

இதைச் சோதிக்கும் முறை மிக எளியது. 4 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள எஃகு அச்சில் பொருளை நிரப்பி, உற்பத்தியாளர் சொன்ன நேரத்துக்கு ஒரே பக்கத்திலிருந்து ஒளி காட்டுகிறார்கள். உடனே அதை வெளியே தள்ளி, ஒளி படாத அடிப்பக்கத்தைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டுகிறார்கள். முதலில் வெண்ணெய் போல வழித்துக்கொண்டு வரும். பிறகு பிசுபிசுப்பாக, திப்பி திப்பியாக உதிரும். கடைசியில் கரண்டி வழுக்கும் இடம் வரும். அங்கே நிறுத்தி, எஞ்சிய உருளையின் நீளத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, அதை இரண்டால் வகுக்கிறார்கள். வந்த விடைதான் அந்தப் பொருளின் கெட்டியாகும் ஆழம். சாதாரண நிறங்களுக்கு அது 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

ஏன் இரண்டால் வகுக்க வேண்டும் என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். கரண்டிக்கு மசியாத இடம் வரை பொருள் கெட்டியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த விளிம்பில் பிசின் வலைப்பின்னல் இப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கும். கடினத்தன்மையை மேலிருந்து கீழாக அளந்து பார்த்தால் அது படிப்படியாகச் சரிவது தெரியும். ஆகவே பாதி நீளத்தை மட்டும் நம்பத்தக்கது என்று கொண்டார்கள். மேற்பரப்பின் கடினத்தன்மையில் அடிப்பரப்பு குறைந்தது 80 சதவீதமாவது பெற்றிருக்க வேண்டும் என்ற அளவுகோலையும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் நம்பிக்கை தருகிறது. சுரண்டுபவரின் கை அழுத்தம் அதில் குறுக்கிடுவதில்லை.

ஒரே தடவையில் 4 மில்லிமீட்டர் வரை நிரப்பும் வகைகளும் இப்போது வந்துவிட்டன. ஒளி ஆழமாக ஊடுருவும்படி அவற்றைத் தயாரிக்கிறார்கள். ஆனால் ஆய்வகத்தில் விளக்கின் முனை அச்சின் மேலேயே படுகிறது. வாயின் உட்கோடியில், நாக்கும் கன்னமும் இடைமறிக்க, விளக்கு சில மில்லிமீட்டர் தள்ளி, சாய்வாகவே நிற்கும். விளக்கின் ஒளிச்செறிவும் நாளடைவில் குறையும். அதை அளக்கும் சிறு கருவி உண்டு. அந்தக் கருவியைக் கொண்டு விளக்கைத் தவறாமல் சரிபார்க்கும் மருத்துவமனைகள் பாராட்டுக்குரியவை.

அடுக்கடுக்காக வைப்பதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். காம்போசிட் கெட்டியாகும்போது கன அளவில் சுமார் இரண்டு, மூன்று சதவீதம் சுருங்குகிறது. சுருங்கும்போது பல்லின் சுவரை உள்ளே இழுக்கிறது. அடுக்குகளாக வைத்தால் அந்த இழுப்பு குறையும் என்பது பரவலான கருத்து. அது எல்லாக் குழிகளுக்கும் பொருந்துமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை.

“வெள்ளி அடைப்பு வைத்த பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் மெல்லக்கூடாது என்றார்கள். பல் நிற அடைப்புக்கு அப்படிச் சொல்லவில்லையே?” – ஒரு வாசகர், திண்டுக்கல்

அமால்கம் வேதிவினையால் மெல்ல மெல்லத்தான் இறுகுகிறது. அதற்கான வரையறையில், ஒரு மணி நேரம் கழித்து இருக்க வேண்டிய அமுக்க வலிமை, 24 மணி நேரத்தில் இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த இடைவெளியில் கடினமான பண்டத்தைக் கடித்தால் அடைப்பின் ஓரம் பெயர்ந்துவிடும். காம்போசிட், விளக்கை அணைக்கும்போதே பெரும்பகுதி வலிமையை அடைந்துவிடுகிறது. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் அது தெளியும் வரை பொறுத்திருங்கள். அது உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக.

“அம்மாவின் மேல்வரிசைப் பல்செட் நடுவில் இரண்டாக உடைந்தது. ஒட்டிக் கொடுத்தார்கள், மறுபடியும் அதே இடத்தில் உடைந்துவிட்டது. மட்டமான பொருளா? வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?” – ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பொருளைக் குறை சொல்வதற்கு முன் அது உடைந்த விதத்தைப் பார்க்க வேண்டும். மேல்வரிசைப் பல்செட்டின் முன்பக்கத்தில், உதட்டை ஈறோடு இணைக்கும் தசைநாருக்கு இடம் விட்டு ஒரு சிறு பள்ளம் வெட்டியிருப்பார்கள். மெல்லும்போது பல்செட் நடுக்கோட்டில் வளைந்து வளைந்து நிமிர்கிறது. ஒவ்வொரு வளைவிலும் தகைவு அந்தப் பள்ளத்தின் முனையில் குவிகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று அங்கே தொடங்கி, ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டே போய், ஒரு நாள் சாதாரணமாகச் சாப்பிடும்போதே பிளந்துவிடுகிறது. இப்படி உடைவதைக் களைப்பு முறிவு என்கிறோம். ஈறு எலும்பு கரைந்து பல்செட் தளர்ந்துபோனவர்களுக்கு இந்த வளைவு இன்னும் அதிகம். அம்மாவின் பல்செட் பழையதாகித் தளர்ந்திருந்தால், எத்தனை முறை ஒட்டினாலும் உடையும். அதன் உட்பக்கத்தை ஈறுக்கு ஏற்ப மறுபடி பொருத்துவதா, புதிதாகச் செய்வதா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஒட்டுவதற்குப் பொதுவாகப் பயன்படும், சூடு இல்லாமல் தானே இறுகும் அக்ரிலிக், சூட்டில் வார்த்த அக்ரிலிக்கைவிட வலிமை குறைந்தது என்பதும் ஒரு காரணம்.

பல்செட் அக்ரிலிக்குக்கான சோதனைக் கட்டை 64 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம், 3.3 மில்லிமீட்டர் தடிமன். அதை 50 மணி நேரம் 37 டிகிரி நீரில் வைத்து, நீருக்குள் இருக்கும்போதே வளைத்து ஒடிக்கிறார்கள். சூட்டில் வார்த்த வகைக்கு 65 மெகாபாஸ்கல் வேண்டும். இந்தக் கட்டையின் அளவில் அது ஒன்பதரை கிலோ எடை. உங்கள் கேள்விக்கு இதில் ஒரு குறை உண்டு: இது ஒரே முறை மெதுவாக அழுத்தும் சோதனை. நூறாயிரம் முறை சிறிதாக வளைந்தால் என்ன ஆகும் என்பதையோ, கைதவறிக் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதையோ அது சொல்லாது. விழுவதற்கு, ஊசலாடும் சுத்தியலால் அடித்து உடைக்கும் தனிச் சோதனை இருக்கிறது. ரப்பர் துகள்கள் கலந்த அக்ரிலிக் அதில் நன்றாகத் தேறுகிறது; பல்செட் அடிக்கடி உடைகிறவர்கள் அந்த வகையைக் கேட்டுப் பார்க்கலாம்.

கொதிநீரில் போடாதீர்கள். அக்ரிலிக்கை வார்க்கும்போது உள்ளே தங்கிவிட்ட தகைவுகள் சூட்டில் தளர்ந்து பல்செட்டின் வடிவம் கோணிவிடும். பிறகு அது ஈறில் உட்காராது. உலரவும் விடக்கூடாது. அக்ரிலிக் மெல்ல நீரை உறிஞ்சி, தன் எடையில் ஒரு சதவீதம் நீர் ஏறும்போது நீளத்தில் 0.23 சதவீதம் அளவுக்கு விரிகிறது. காய்ந்தால் அந்த அளவுக்குச் சுருங்கும். இரவில் கழற்றியதும் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். பற்பசை வைத்துத் தேய்க்கவும் வேண்டாம். நூப் அளவில் பல்லின் எனாமலுக்கு 340ஐ ஒட்டியிருக்கும் கடினத்தன்மை அக்ரிலிக்குக்கு இருபதை ஒட்டியே இருக்கிறது. எனாமலுக்கென்று தயாரித்த பசையிலுள்ள தேய்ப்புத் துகள்கள் அக்ரிலிக்கைக் கீறிவிடும். மென்மையான தூரிகையும் சோப்பும் போதும். கழுவும்போது கீழே நீர் நிரம்பிய பாத்திரத்தை வைத்துக்கொண்டால், கைதவறினாலும் உடையாது.

“ஜிர்கோனியா கேப் 1200 மெகாபாஸ்கல் வலிமை கொண்டது, உடையவே உடையாது என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். அவ்வளவு கெட்டியான பொருள் எதிரே உள்ள என் சொந்தப் பல்லைத் தேய்த்துவிடாதா?” – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

ஜிர்கோனியாவும் சேர்ந்த பீங்கான் வகைப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஓ. 6872 வரையறை உண்டு. அது எந்த வேலைக்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்று வகைப்படுத்துகிறது. நான்கோ அதற்கு மேலோ பற்களை இணைக்கும் பாலத்துக்கு 800 மெகாபாஸ்கல் கேட்கிறது. மூன்று மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த ஜிர்கோனியா அதைத் தாண்டிவிடும். 1200 என்பதும் நம்பத்தக்க எண்ணே. அதன் பலத்துக்குக் காரணம் ஒரு அபூர்வமான இயல்பு. விரிசலின் முனை நெருங்கும்போது அங்குள்ள படிகங்கள் வேறு வடிவத்துக்கு மாறி, நான்கைந்து சதவீதம் பருத்து, விரிசலை இறுக மூடுகின்றன. ஆனால் முன்பற்களுக்கென்று கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி செய்த ஜிர்கோனியாவில் இட்ரியா அதிகம். அந்தப் படிகங்கள் இப்படி மாறுவதில்லை. ஆகவே வலிமையும் கணிசமாகக் குறைவு. ‘ஜிர்கோனியா’ என்ற ஒரே பெயரில் இரண்டும் விற்கப்படுகின்றன. உங்களுக்கு வைக்கப்போவது எந்த வகை என்று கேட்டறிவது நல்லது.

‘உடையவே உடையாது’ என்று எந்தப் பீங்கானைப் பற்றியும் சொல்ல முடியாது. முப்பது கட்டைகளை ஒடித்தால் முப்பது எண்கள் வரும்; 1200 என்பது அவற்றின் சராசரி. பீங்கானில் எந்தக் கட்டை எப்போது ஒடியும் என்பதை அதில் உள்ள மிகப் பெரிய குறைதான் தீர்மானிக்கிறது. சுவீடன் நாட்டுப் பொறியாளர் வலோடி வைபுல் 1939இல் இதற்கென்றே ஒரு புள்ளியியல் முறையை வகுத்தார். அந்த முறையில் கிடைக்கும் வைபுல் மாடுலஸ் பெரிதாக இருந்தால் கட்டைகளின் வலிமை ஒன்றையொன்று ஒட்டியிருக்கிறது என்று பொருள். சிறிதாக இருந்தால் சிதறிக் கிடக்கிறது என்று பொருள். சராசரி சற்றுக் குறைந்தாலும் சிதறல் குறைந்த பொருளையே நான் விரும்புவேன், ஏனென்றால் நோயாளியின் வாயில் இருப்பது சராசரி கேப் அல்ல, ஒரே ஒரு கேப். மேலும், மருத்துவர் கடைசி நேரத்தில் கேப்பின் உட்பக்கத்தைக் கரடாகத் தேய்த்துப் பொருத்தினால், அந்தக் கீறல்களே புதிய குறைகளாகிவிடும். ஆய்வகக் கட்டை அந்த அனுபவத்தைச் சந்தித்ததே இல்லை.

எதிர்ப்பல் தேய்வதைப் பற்றி: கடினத்தன்மை அதிகமென்றால் தேய்மானமும் அதிகம் என்பது இயல்பான ஊகம்தான். ஆனால் மெல்லும் அசைவைப் போலச் செய்யும் இயந்திரங்களில் சோதித்தபோது, பளபளப்பாக மெருகேற்றிய ஜிர்கோனியா எதிரே உள்ள எனாமலைப் பல வகைப் பீங்கான்களைவிடக் குறைவாகவே தேய்த்தது. தேய்ப்பது பெரும்பாலும் மேற்பரப்பின் கரடுதான். கேப்பை ஒட்டிய பிறகு கடி உயரமாக இருக்கிறதென்று மருத்துவர் அதைத் தேய்த்துச் சரிசெய்தால், அந்த இடத்தை மறுபடி மெருகேற்றும்படி தயங்காமல் கேளுங்கள். இந்தப் பதிலில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் வரி அதுதான்.

“ஐஸ்கிரீமும் சூடான காபியும் அடுத்தடுத்துச் சாப்பிட்டால் பல் அடைப்பு பெயர்ந்துவிடும் என்று பாட்டி சொல்கிறார். உண்மையா?” – பிளஸ் டூ மாணவி, திருச்சி

பாட்டியின் கவலைக்கு அறிவியல் அடிப்படை உண்டு. ஒரு டிகிரி சூடு ஏறினால் எனாமல் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11 பங்கு விரிகிறது. அமால்கம் 25 பங்கு. காம்போசிட் வகைக்கு ஏற்ப 20 முதல் 40 பங்குக்கு மேலும். 5 மில்லிமீட்டர் அகலமுள்ள அடைப்பில் வெப்பநிலை 40 டிகிரி மாறினால் பல் இரண்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) விரிய, 30 பங்கு விரியும் வகைக் காம்போசிட் ஆறு மைக்ரான் விரியப் பார்க்கும். அந்த நான்கு மைக்ரான் வித்தியாசம் ஒட்டுப் பகுதியை இழுக்கிறது. ஒரு பாக்டீரியாவின் அளவு ஒரு மைக்ரானை ஒட்டியது என்பதை நினைத்துப் பாருங்கள். கிளாஸ் அயனோமர் அடைப்பு மட்டும் ஏறக்குறைய பல்லின் அளவுக்கே விரிகிறது.

இதனால்தான் ஒட்டுவலிமைச் சோதனையில் மாதிரிகளை 5 டிகிரி நீரிலும் 55 டிகிரி நீரிலும் மாற்றி மாற்றி 500 முறை முக்கியெடுக்கும் முறையை வகுத்தார்கள். அங்கே ஒவ்வொரு முறையும் குறைந்தது 20 விநாடிகள் வைக்கிறார்கள். நீ காபி அருந்தும்போது ஒரு மிடறு வாயில் நிற்பது அதைவிடக் குறைந்த நேரம். அடைப்பின் உட்புறம் அவ்வளவு சூடேறுவதில்லை. நன்றாக ஒட்டிய அடைப்பு ஒரு கோப்பைக் காபிக்குப் பெயர்ந்துவிடாது. குளிர்ச்சி பட்டதும் எழும் கூச்சம் வெகு நேரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

“கேப் செய்ய மாவு போல எதையோ வாயில் வைத்து அளவெடுத்தவர், கடைசியில் வெடுக்கென்று பிடுங்கினார். மெதுவாக எடுத்திருக்கலாமே?” – ஒரு வாசகர், வேலூர்

அவர் செய்ததுதான் சரி. அல்ஜினேட் என்ற அந்தப் பொருளை மெதுவாக இழுத்தால் அது கிழியும். இழுபட்ட வடிவிலேயே நிலையாகத் தங்கியும் விடும். சட்டென்று எடுத்தால் பழைய வடிவுக்கு மீள்கிறது. அமுக்கி விட்ட பின் அது குறைந்தது 95 சதவீதம் மீள வேண்டும் என்பது வரையறை. விலை கூடிய சிலிக்கோன் வகைக்கு 96.5 சதவீதம்.

“முதுகலைப் பல் மருத்துவம் படிக்கிறேன். டென்டினில் ஒட்டுவலிமை பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். ஒரே பசைக்கு ஒரு கட்டுரையில் 20 மெகாபாஸ்கல், இன்னொன்றில் 45 மெகாபாஸ்கல் என்று இருக்கிறது. எதை நம்புவது, ஐயா?” – ஒரு மாணவி, சிதம்பரம்

மற்ற வாசகர்களுக்காக: டென்டின் என்பது எனாமலுக்கு அடியிலுள்ள பல் பகுதி. இரண்டையும் நம்பலாம், இரண்டையும் ஒப்பிடத்தான் கூடாது. முதலாவது பெரும்பாலும் மூன்று நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள பரப்பைப் பக்கவாட்டில் தள்ளிப் பெயர்த்த சோதனையாக இருக்கும். இரண்டாவது ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள குச்சிகளை இழுத்துப் பிரித்த நுண் இழுவைச் சோதனையாக இருக்கும். பரப்பு சிறிதாகச் சிறிதாக அதற்குள் ஒரு பெரிய குறை அகப்படும் வாய்ப்பும் குறைகிறது. வலிமை கூடித் தெரிகிறது. தள்ளிப் பெயர்க்கும் சோதனையில் தகைவு ஒரே சீராகப் பரவாமல் விளிம்பில் குவிகிறது. விரிசல் பல நேரங்களில் ஒட்டை விட்டுவிட்டு டென்டினுக்குள்ளேயே இறங்கிவிடும். அப்போது நீங்கள் அளந்தது பசையின் வலிமையே அல்ல.

எனவே ஒவ்வொரு மாதிரியும் எங்கே பிரிந்தது என்பதை நுண்ணோக்கியில் பார்த்துக் குறியுங்கள்: பசைக்கும் டென்டினுக்கும் இடையிலா, டென்டினுக்குள்ளா, காம்போசிட்டுக்குள்ளா. நுண் இழுவைக்குப் பல்லைக் குச்சிகளாக அறுக்கும்போதே சில குச்சிகள் பிரிந்து விழும். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் பலவீனமான பசையும் வலுவானதாகத் தோன்றும். எத்தனை விழுந்தன என்பதை அட்டவணையிலேயே போடுங்கள். மாட்டுப் பல்லைப் பயன்படுத்தினால் அதையும், பறித்த பல்லை எதில், எவ்வளவு காலம் சேமித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். குச்சிகள் எந்தப் பல்லிலிருந்து வந்தன என்று அடையாளம் வையுங்கள். ஒரே பல்லில் அறுத்த இருபது குச்சிகளை இருபது தனி மாதிரிகளாக எண்ணுவது புள்ளியியல்படி தவறு.

24 மணி நேர எண்ணோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எனாமலில் ஒட்டு நிலைத்து நிற்கிறது. டென்டினிலோ நீர் பசையை மெல்ல அரிக்கிறது, டென்டினிலேயே உள்ள நொதிகள் பசை சரியாக மூடாத கொலாஜன் என்ற புரத இழைகளைச் சிதைக்கின்றன. உங்கள் மாதிரிகளில் பாதியை ஆறு மாதம் 37 டிகிரி நீரில் வைத்திருந்து சோதிக்க வழிகாட்டி அனுமதித்தால், படிப்புக் காலத்துக்குள் அதை முடித்துவிடலாம். எந்தப் பற்களின் குச்சிகளை ஆறு மாதத்துக்கு ஒதுக்குவது என்பதை அறுப்பதற்கு முன்பே குலுக்கல் முறையில் முடிவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எண்களைப் பார்த்த பிறகு பிரிக்க வேண்டாம்.